இடைக்கால ஐரோப்பாவில் எழுத்து யாருக்குக் கிடைத்தது?

1429-ஆம் ஆண்டு, பிரான்ஸின் புவாத்தியே நகரம். இறையியல் கற்ற பெரியவர்கள் சிலர், சுமார் 17 வயதுள்ள ஒரு கிராமத்துப் பெண்ணைக் கேள்வி கேட்க வந்திருக்கிறார்கள். "எனக்கு ஏ-யும் தெரியாது, பி-யும் தெரியாது" என்று அந்தப் பெண் சொன்னதாக, அன்று உடனிருந்த ஒருவர் பிற்பாடு சாட்சி சொல்லியிருக்கிறார். நம் வழக்கில் சொன்னால், ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. அந்தப் பெண்தான், பிறகு பிரெஞ்சுப் படையோடு போருக்குப் போன ஜோன் ஆஃப் ஆர்க்.

அதே ஆண்டு நவம்பரில் ரியோம் நகரத்தாருக்கு ஜோன் பெயரில் ஒரு கடிதம் போகிறது. வெடிமருந்து வேண்டும், அம்புகள் வேண்டும் என்று கேட்கும் கடிதம். உள்ளே இருப்பது எழுத்தரின் எழுத்து. அடியில் மட்டும், பழக்கமில்லாத கை போட்ட 'ஜெஹான்' என்ற கையெழுத்து. பிறகு 1431-இல் விசாரணைக்கு நின்றபோது, பரலோக ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம், விசுவாசப் பிரமாணம் மூன்றையும் அம்மாவிடம்தான் கற்றேன் என்றார்.

சரி, ஜோன் எழுத்தறிவு உள்ளவரா, இல்லாதவரா? ஏட்டைப் படிக்கத் தெரியாது. ஆனால் கடிதம் சொல்லி எழுதவைப்பார், தன் பெயரைப் போடுவார், ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்வார். இன்றைய கணக்கெடுப்புப் படிவத்தில் இவரை எந்தக் கட்டத்தில் டிக் செய்வது?

கி.பி. 500 முதல் 1500 வரையிலான மேற்கு ஐரோப்பாவில் யாருக்குக் கல்வி கிடைத்தது என்று பேசத் தொடங்கினால் இரண்டு கதைகள் உடனே வந்து நிற்கும். திருச்சபை மக்களை வேண்டுமென்றே இருட்டில் வைத்தது என்பது ஒன்று. எல்லோருக்கும் கல்விக் கண் திறந்ததே திருச்சபைதான் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்பதில்லை. திருச்சபைக்கு ஒரு நடைமுறைத் தேவை இருந்தது: பூசை வைக்கத் தெரிந்த குருக்கள் வேண்டும். அதற்காகப் பள்ளி கட்டியது. அந்தப் பள்ளிகளிலிருந்து எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்தது. யார் பக்கம் கசிந்தது, யாரை எட்டவே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மூன்று தனித்தனித் திறமைகள்

நமக்கு எழுதுவதும் படிப்பதும் ஒரே மூச்சில் வரும் சொற்கள். எழுதப் படிக்கத் தெரியுமா என்றுதான் கேட்போம். அன்று அவை வேறு வேறு. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிவது ஒன்று. வாசித்ததன் பொருள் புரிவது இரண்டாவது. வாசிப்பது பெரும்பாலும் லத்தீன் என்பதால் இது தனிப் படிப்பு. கையால் எழுதுவது மூன்றாவது. இறகைச் சீவி, மை கூட்டி, பதப்படுத்திய தோலில் கோடிழுத்து எழுதுவது ஒரு கைத்தொழில். பெரிய மனிதர்கள் வாயால் சொல்வார்கள், எழுத்தர் எழுதுவார்.

இதற்கு நல்ல உதாரணம் சார்லமேன் பேரரசர். அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட், பேரரசர் தாய்மொழிபோலவே லத்தீன் பேசுவார் என்கிறார். ஆனால் எழுத வராது. தூக்கம் வராத நேரத்தில் பழகிப் பார்க்கலாம் என்று மெழுகுப் பலகைகளைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பாராம். வயதான பிறகு தொடங்கியதால் கை வசப்படவில்லை. பாதி ஐரோப்பாவை ஆண்ட மனிதர் இரவில் எழுந்து உட்கார்ந்து எழுத்துப் பழகுவதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வருகிறது. லத்தீன் பேசும் சார்லமேனுக்குக் கை வரவில்லை. லத்தீனே தெரியாத ஜோன் கையெழுத்துப் போட்டார்.

அன்றைய ஆட்கள் ஒருவரை 'லிட்டெராட்டுஸ்' என்று சொன்னால் அவருக்கு லத்தீன் தெரியும் என்று பொருள். 'இல்லிட்டெராட்டுஸ்' என்றால் லத்தீன் தெரியாது. பிரெஞ்சுக் கதைகளைத் தானே வாசிக்கத் தெரிந்த ஒரு பிரபுகூட இந்தக் கணக்கில் படிக்காதவர்தான். படித்தவர் என்றாலே குருநிலையைச் சேர்ந்தவர், பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்) என்றாலே படிக்காதவர் என்ற எண்ணம் அப்படி ஊறியிருந்தது.

இங்கிலாந்தில் அந்த எண்ணம் சட்டத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. குருநிலையில் இருப்பவரை அரச நீதிமன்றம் தூக்கில் போட முடியாது. ஆயரின் நீதிமன்றத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். சரி, குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் குருநிலையைச் சேர்ந்தவன்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் திருப்பாடல் நூலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வழக்கமாக வந்த பகுதி, இறைவனிடம் இரக்கம் கேட்டுத் தொடங்கும் 51-ஆம் திருப்பாடல். வாசித்தவன் கழுத்து தப்பியது. அதனால் அந்த வரிக்கே 'கழுத்து வரி' என்று பெயர் வந்தது. ஒரெழுத்தும் தெரியாதவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் நெட்டுருப் போட்டு வைத்துக்கொண்டதும் உண்டு.

குருவுக்கே லத்தீன் தெரியாவிட்டால்?

ரோமப் பேரரசு மேற்கில் சரிந்த பிறகும் வழிபாடு லத்தீனிலேயே தொடர்ந்தது. விவிலியமும் லத்தீனில்தான். இத்தாலியிலும் பிரான்ஸிலும் மக்களின் பேச்சு லத்தீனிலிருந்து மெல்ல விலகிப் போனது. இங்கிலாந்து, ஜெர்மனி பக்கம் அது தொடக்கத்திலிருந்தே அயல் மொழி. பள்ளியில் உட்கார்ந்து கற்றால்தான் வரும்.

கற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 746-இல் திருத்தந்தை சக்கரியாஸ் எழுதிய கடிதம் சாட்சி. பவேரியாவில் ஒரு குரு திருமுழுக்குக் கொடுக்கும்போது, 'தந்தை மகன் பெயரால்' என்று லத்தீனில் சொல்ல வேண்டிய இடத்தில் வேற்றுமை உருபுகளைக் குழப்பி, கேட்பவர் காதில் 'தாய்நாடு, மகள்' என்று விழும்படி சொல்லிவிட்டார். அங்கே மறைப்பணி செய்துகொண்டிருந்த போனிபாஸ் அந்தத் திருமுழுக்கு செல்லாது, மறுபடி கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். திருத்தந்தை தடுத்தார். அந்தக் குருவிடம் தவறான கொள்கை எதுவும் இல்லை, மொழி அறியாமைதான் இருந்தது, ஆகவே திருமுழுக்கு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 734-இல், இங்கிலாந்தில் துறவியாக இருந்த பீட், யார்க் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். லத்தீன் தெரியாதவர்கள் விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக ஜெபத்தையும் தங்கள் மொழியிலேயே கற்கட்டும் என்கிறார். பொதுநிலையினர் மட்டுமல்ல, லத்தீன் தெரியாத குருக்களும் துறவிகளும் அப்படிக் கற்கலாம். நானே படிக்காத குருக்கள் பலருக்கு இரண்டையும் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன் என்கிறார். தன் காலத்தின் மிகப் பெரிய அறிஞர் இவர். கோபப்படாமல் குறையைப் பார்த்து, கைக்கு எட்டிய உதவியைச் செய்திருக்கிறார்.

789-இல் சார்லமேன் தன் ஆட்சிப் பகுதி முழுவதுக்கும் ஓர் ஆணை போட்டார். மடங்களிலும் ஆயர் இல்லங்களிலும் சிறுவர்களுக்குப் பள்ளி இருக்க வேண்டும்; திருப்பாடல்கள், பாட்டு, நாள்காட்டிக் கணக்கு, இலக்கணம் சொல்லித்தர வேண்டும்; புத்தகங்களைப் பிழை திருத்த வேண்டும். பிழையான புத்தகத்தை வைத்துக்கொண்டு இறைவனிடம் சரியாக வேண்ட நினைப்பவர்கள்கூடத் தவறாக வேண்டிவிடுகிறார்கள் என்பது அந்த ஆணை சொல்லும் காரணம். யார்க்கிலிருந்து வந்த அல்குயின் என்ற ஆசிரியர் இந்த முயற்சிக்குத் துணை நின்றார். உருண்டையாக, தெளிவாக, எளிதில் வாசிக்கும்படி ஓர் எழுத்து வடிவமும் அந்தக் காலத்தில் பரவியது. நாம் இன்று பார்க்கும் ஆங்கிலச் சின்ன எழுத்துகளின் பாட்டன் அதுதான்.

மடத்துக்குள்

புனித பெனடிக்ட், தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைப்பவர், 6-ஆம் நூற்றாண்டில் தன் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில் வாசிப்புக்கு அன்றாடம் நேரம் ஒதுக்கினார். தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம். முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். வாசிக்கும் நேரத்தில் யாராவது சோம்பி உட்கார்ந்திருக்கிறார்களா, அரட்டை அடிக்கிறார்களா என்று பார்க்க ஒன்றிரண்டு மூத்தவர்கள் சுற்றி வருவார்கள்.

பெற்றோர் சிறு குழந்தையையே மடத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கமும் இருந்தது. பீட் ஏழு வயதில் மடத்துக்கு வந்தவர். அந்தக் குழந்தையை யாரும் விருப்பம் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் முழுமையான கல்வி கிடைத்த மிகச் சில இடங்களில் மடம் ஒன்று. பீடுக்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போனது. கற்பதும் கற்பிப்பதும் எழுதுவதும்தான் எனக்கு இன்பம் என்று அவரே எழுதியிருக்கிறார். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி அமைந்திருக்காது.

பீட் வாழ்ந்த அதே மடத்தில், 716-க்கு முன்பு, ஒரு முழு விவிலியம் எழுதி முடித்தார்கள். கோடெக்ஸ் அமியாத்தீனுஸ் என்று பெயர். இப்போது பிளாரன்ஸில் இருக்கிறது. 1,030 ஏடுகள். ஒரு கன்றுத் தோலில் இரண்டு ஏடுகள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால், அந்த ஒரு புத்தகத்துக்குச் சுமார் 515 கன்றுகள் வேண்டும். இதே அளவில் மூன்று விவிலியங்கள் செய்தார்கள். மேய்ச்சல் நிலமும் மந்தையும் வேலையாட்களும் இருந்தால்தான் இந்த மாதிரிப் புத்தகம் சாத்தியம். எல்லாப் புத்தகமும் இவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் காகிதம் பரவலாகும்வரை எந்தப் புத்தகமும் மலிவில்லை.

ஒரு சிறுவன் எப்படிக் கற்றான்?

முதலில் எழுத்துகள். எழுத்து வரிசைக்கு முன்னால் ஒரு சிலுவைக் குறி இருக்கும். அதைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிறகு பரலோக ஜெபம். பிறகு திருப்பாடல் நூல், அதாவது 150 பாடல்கள். பொருள் தெரியாமலேயே அத்தனையையும் உரக்கச் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்ற வேண்டும். புரிவது எல்லாம் அப்புறம். எழுதிப் பழக மெழுகு பூசிய மரப் பலகை; கூர்முனையால் கீறி எழுதலாம், மறுமுனையால் தேய்த்து அழிக்கலாம்.

திருப்பாடலோடு பலர் நின்றுவிடுவார்கள். மேலே போகிறவன் டொனாட்டுஸ் எழுதிய சிறு இலக்கணத்தை எடுப்பான். பெயர்ச்சொல் எத்தனை வகை, வினை எத்தனை வகை என்று கேள்வி பதிலாக அது போகும். 4-ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்தப் புத்தகத்தை ஆயிரம் ஆண்டு கழித்தும் பிள்ளைகள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவக்கணிதம், வானியல், இசை.

பிரம்பு இல்லாத வகுப்பு கிடையாது. 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் வட பிரான்ஸில் பிறந்த கிபெர்ட் என்பவர், பிற்காலத்தில் நொஜான் மடத்தின் மடாதிபதியாக இருந்தபோது, தன் இளமையைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் பிறந்த காலத்தில் சிறு ஊர்களில் இலக்கண ஆசிரியரே கிடையாது, நகரங்களிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும், கிடைப்பவருக்கும் அறிவு சொற்பம் என்கிறார். தந்தை இறந்துவிட, வசதியுள்ள அம்மா வீட்டோடு ஓர் ஆசிரியரை வைத்தார். அந்த ஆசிரியர் நல்லொழுக்கம் உள்ளவர், சிறுவன்மேல் பிரியமும் உள்ளவர். ஆனால் அவரே வயதான பிறகு இலக்கணம் கற்றவர். தனக்குத் தெளிவாகத் தெரியாததைச் சிறுவன் சொல்லவில்லை என்று அடிப்பார்.

ஒருநாள் மாலை கிபெர்ட் அம்மாவின் மடியருகே வந்து உட்கார்ந்தான். இன்று அடி விழுந்ததா என்று அம்மா கேட்டார். ஆசிரியரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் இல்லை என்றான். அம்மா விடாமல் சட்டையை விலக்கிப் பார்த்தார். கைகள் கன்றிப்போய், முதுகுத் தோல் முழுவதும் பிரம்படியில் வீங்கியிருந்தது. அழுதுகொண்டே, நீ குருவாகவும் வேண்டாம், இந்தப் படிப்புக்காக இவ்வளவு வேதனையும் வேண்டாம் என்றார். வயது வந்ததும் ஆயுதமும் குதிரையும் வாங்கித் தருகிறேன், வீரனாகிவிடு என்றுகூடச் சொன்னார். செத்தாலும் படிப்பை விடமாட்டேன், குருவாகத்தான் ஆவேன் என்றான் பையன்.

அந்தத் தாய்க்கு ஆசிரியரை வீட்டில் வைத்துச் சோறு போட வசதி இருந்தது. அதே ஊரில் உழவர் வீட்டுப் பையன் ஒருவனுக்கு ஆசை இதைவிட அதிகமாக இருந்திருந்தாலும் யார் வீட்டு வாசலில் போய் நிற்பான்?

ஏழைக்கு இலவசம் என்ற சட்டம்

இதற்கு விடையாகத் திருச்சபை ஒரு சட்டம் செய்தது. பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1179-இல் ஆயர்கள் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கத்தின் 18-ஆவது விதி அது. திருச்சபை ஏழைகளுக்கு ஒரு தாயைப்போல இருக்கக் கடமைப்பட்டது. பெற்றோரின் ஆதரவு இல்லாத ஏழைப் பிள்ளைகள் வாசிக்கக் கற்று முன்னேறும் வாய்ப்பை இழந்துவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பேராலயத்திலும் ஓர் ஆசிரியருக்கு மானியம் ஒதுக்க வேண்டும். அவர் அந்த ஆலயத்துக் குருக்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் கட்டணம் வாங்காமல் கற்பிக்க வேண்டும். கற்பிக்க உரிமம் கொடுப்பதற்கும் யாரும் காசு வாங்கக் கூடாது. தகுதியுள்ளவருக்கு உரிமத்தை மறுக்கவும் கூடாது.

படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் 36 ஆண்டு கழித்து, 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதே விஷயத்தை மறுபடி எடுத்து, பல ஆலயங்களில் அந்த விதி கடைப்பிடிக்கப்படவே இல்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறது. பேராலயங்கள் மட்டும் போதாது, வருமானமுள்ள மற்ற ஆலயங்களும் இலக்கண ஆசிரியர் வைக்க வேண்டும் என்று சேர்க்கிறது. ஒரு சட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது என்றால் களத்தில் அது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இருந்தும், ஏழைக்கு இலவசமாகக் கற்பிப்பது கடமை என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தது சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

திருச்சபைப் பள்ளிகள் வழியாக மேலே வந்த எளியவர்களும் இருக்கிறார்கள். எளிய குடியில் பிறந்து ஒரில்லாக் மடத்தில் படித்த கெர்பெர்ட், 999-இல் இரண்டாம் சில்வெஸ்டர் என்ற பெயரில் திருத்தந்தையானார். இது அந்த விதிக்கும் முந்தைய கதை. பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தைக் கட்டத் தொடங்கிய ஆயர் மொரீஸ் ஏழை வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள சிற்றூர்க் குடும்பத்தின் மூத்தவர் ஜான் கெர்சன், 1395-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் சான்சலரானார். எளிய மக்களுக்கென்றே பிரெஞ்சில் ஓர் அரிச்சுவடியும் எழுதினார். இவர்கள் விதிவிலக்குகள்தான்.

பல்கலைக்கழகங்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒரு வார்த்தை மட்டும். பொலோஞா, பாரிஸ், ஆக்ஸ்போர்டு ஆகியவை 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் உருவாயின. ரோபெர் த சோர்போன் 1257 வாக்கில் பாரிஸில் தொடங்கிய விடுதி, வசதியில்லாத இறையியல் மாணவர்களுக்கானது. இன்றைய சோர்போன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பெண்களுக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடமில்லை.

பெண்கள் கையில் புத்தகம்

அதனால் பெண்கள் படிக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கன்னியர் மடங்களில் திருப்பாடல்களைப் பாட லத்தீன் வாசிக்கத் தெரிய வேண்டும். 1098-இல் பிறந்த ஹில்டகார்ட், ஜுட்டா என்ற துறவுப் பெண்ணிடம் சிறுவயதில் ஒப்படைக்கப்பட்டு, திருப்பாடல் நூலை வைத்துத்தான் எழுத்துக் கற்றார். பிறகு இறைக்காட்சிகள், மருத்துவம், இசை என்று அவர் தொடாத துறையில்லை. ஆனாலும் தன்னைப் படிக்காதவள் என்றே சொல்லிக்கொண்டார். இலக்கணப் பள்ளிப் படிப்பு இல்லாததால் லத்தீனைத் திருத்த ஒரு செயலர் தேவைப்பட்டார். வழக்கத்துக்காகச் சொன்ன பணிவுச் சொல் என்று சிலர் அதைக் கடந்துபோவார்கள். பள்ளி மறுக்கப்பட்ட ஒருவர் தன் இழப்பைச் சொல்வதாகத்தான் எனக்குக் கேட்கிறது.

மடத்துக்கு வெளியே, வசதியான வீட்டுப் பெண்களிடம் நாளின் ஒவ்வொரு வேளைக்குமான ஜெபங்கள் அடங்கிய சிறு புத்தகம் இருக்கும். பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டியது பல வீடுகளில் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்திருந்த அம்மாதான். 14-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓவியர்கள் ஒரு காட்சியை விரும்பி வரையத் தொடங்கினார்கள்: புனித அன்னம்மாள் தன் மகள் மரியாவுக்குப் புத்தகம் வைத்து வாசிக்கக் கற்றுத்தருகிறார். விவிலியத்தில் அப்படி ஒரு காட்சி கிடையாது. தம் வீட்டில் நடப்பதைத்தான் மக்கள் ஓவியத்தில் பார்க்க விரும்பினார்கள்.

பாரிஸில் சிறு பிள்ளைகளுக்கான பள்ளிகள் நோத்ர்தாம் பேராலயத்தின் பாடகர் தலைவர் பொறுப்பில் இருந்தன. 1380-இல் அவர் முன் கூடியவர்களின் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களோடு இருபதுக்கும் மேற்பட்ட ஆசிரியைகளும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. அதே பாரிஸில் கிறிஸ்டின் தெ பிசான் 25 வயதில் கணவரை இழந்து, பிள்ளைகளைக் காப்பாற்றப் பேனாவைப் பிடித்தார். என் அப்பா நான் படிப்பதைப் பார்த்து மகிழ்ந்தார், அம்மாவோ நூல் நூற்பதிலேயே என்னை வைத்திருக்க விரும்பினார், அதனால் ஆழமாகக் கற்க முடியாமல் போனது என்று அவர் எழுதியிருக்கிறார்.

கடைத்தெருவிலிருந்து வந்த பள்ளி

பேராலயத்தின் தயவு இல்லாமல் எழுத்து பரவிய இடங்களில் முதன்மையானவை இத்தாலிய வணிக நகரங்கள். வியாபாரிக்குக் கடிதம் எழுத வேண்டும், கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். பழைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் லத்தீன் அங்கே உதவாது. 1338 வாக்கில் பிளாரன்ஸில் 8,000 முதல் 10,000 வரை சிறுவர் சிறுமியர் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்று அந்த ஊர் வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி குறித்திருக்கிறார். ஆறு கணக்குப் பள்ளிகளில் 1,000 முதல் 1,200 பேர். லத்தீனும் தர்க்கமும் சொல்லித்தரும் நான்கு பெரிய பள்ளிகளில் 550 முதல் 600 பேர். சொந்த ஊர்ப் பெருமையில் முதல் எண்ணைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் விகிதத்தைப் பாருங்கள்: லத்தீன் படித்தவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பிள்ளைகள் வியாபாரக் கணக்குப் படித்தார்கள். 'சிறுமியர்' என்ற சொல்லையும் கவனியுங்கள். அது முதல் எண்ணில் மட்டும்தான் வருகிறது.

விவிலியத்தை வாசிக்கத் தடை இருந்ததா?

அடிக்கடி வரும் கேள்வி. இடத்தையும் காலத்தையும் பொறுத்தது என்பதுதான் நேர்மையான பதில். 1229-இல் துலூஸ் நகரில் கூடிய ஆயர் கூட்டம், பொதுநிலையினர் விவிலிய நூல்களை வைத்திருக்கத் தடை போட்டது. திருப்பாடல் நூலும் ஜெபப் புத்தகமும் வைத்திருக்கலாம், அதுவும் லத்தீனில். திருச்சபை தவறான கொள்கை என்று ஒதுக்கிய 'கத்தார்' என்ற கிறிஸ்தவ இயக்கத்தை ஒடுக்கும் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. இங்கிலாந்தில், திருச்சபையை விமர்சித்த இறையியலாளர் விக்லிஃபின் ஆதரவாளர்கள் செய்த மொழிபெயர்ப்பு பரவியதும், 1409-இல் பேராயர் அருண்டெல், அனுமதியில்லாத புது ஆங்கில மொழிபெயர்ப்புகளைத் தடை செய்தார். இரண்டு இடத்திலும் மக்கள் தாமே வாசித்துத் தாமே பொருள் கொள்வார்கள் என்ற அச்சம் தெளிவாகத் தெரிகிறது. அது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

அதே நேரம், ஸ்ட்ராஸ்பூர்கில் 1466-இல் ஜெர்மன் விவிலியம் அச்சேறியது. 1471-இல் வெனிஸில் இத்தாலிய விவிலியம். மார்ட்டின் லூதர் பிறப்பதற்கு முன்னே இவை கத்தோலிக்க நகரங்களில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஒட்டுமொத்த ஐரோப்பாவுக்கும் ஒரே தடை என்று ஒன்று இருந்ததில்லை.

வாசிக்கத் தெரியாத பெரும்பான்மை மக்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒருவர் வாசிக்க ஊரே கேட்கும். சுவரில் ஓவியம் இருக்கும்; வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து எப்படியோ, தெரியாதவருக்கு ஓவியம் அப்படி என்று 600-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை முதலாம் கிரகோரி, படங்களை உடைத்த மார்செய் ஆயரைக் கண்டித்து எழுதினார். ஜெபங்களை வாய்வழி சொல்லிக்கொடுத்து மனத்தில் ஏற்றும் இந்த முறைதான் பிற்காலத்தில் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கும் வந்தது. 1540-களில் பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியடித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி, தமிழாக்கிய ஜெபங்களைச் சொல்லச் சொல்லித் திரும்பச் சொல்ல வைத்தார்.

பண்ணையாளின் மகன்

கடைசியாக, எழுத்து எட்டாமல் போனவர்களில் பெரிய கூட்டம் இது. இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாள் தன் மகனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமானால் பிரபுவிடம் அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் பணமும் கட்ட வேண்டும். கேட்காமல் அனுப்பினால் அபராதம். பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளில் இந்த அபராதங்கள் வரிசையாக இருக்கின்றன. மகளுக்குக் கல்யாணம் செய்யக் கட்டிய பணம், மாடு விற்கக் கட்டிய பணம் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே மகனைப் படிக்க வைத்த குற்றத்துக்கான பணமும்.

பிரபுவின் கணக்கு எளிமையானது. பையன் படித்து, உச்சி முடியை வழித்துக் குருநிலைக்குப் போய்விட்டால் பண்ணைக்கு ஒரு ஜோடிக் கை குறைந்துபோகும். அவன் வழியாக வரவேண்டிய அடுத்த தலைமுறையும் போய்விடும். திருச்சபைச் சட்டமும் பிரபுவின் பக்கம் நின்றது. அடிமைத்தளையில் உள்ளவரைப் பிரபு விடுவித்தால்தான் குருப்பட்டம் கொடுக்க முடியும். 1179-இல் ஏழைகளுக்குத் தாயாக இருப்பேன் என்று சொன்ன அதே திருச்சபை இந்த இடத்தில் எதிர்த்து நிற்கவில்லை. பல மடங்களே பெரிய பண்ணைகளின் உரிமையாளர்களாக இருந்தன என்பதை இங்கே மறக்கக் கூடாது.

இத்தனைக்கும் நடுவில் அபராதம் கட்டியாவது மகனை அனுப்பிய அப்பாக்கள் இருந்தார்கள். அவர்கள் பெருகியதால்தான், பண்ணையாட்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதையே தடை செய்யுங்கள் என்று 1391-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மக்களவை, அரசர் இரண்டாம் ரிச்சர்டிடம் மனுக் கொடுத்தது. அரசர் இசையவில்லை.

1406-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் முதல் நோக்கம் கல்வி அல்ல. ஆண்டுக்கு 20 ஷில்லிங் வருமானம் தரும் நிலமோ வாடகையோ இல்லாதவர், தன் பிள்ளையை நகரத்தில் தொழில் பழக விடக் கூடாது. வயலில்தான் வேலை செய்ய வேண்டும் என்பதே அது. ஆனால் அதன் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தார்கள்: எந்த நிலையில் உள்ள ஆணும் பெண்ணும், தன் மகனையோ மகளையோ நாட்டில் தமக்கு விருப்பமான எந்தப் பள்ளியிலும் எழுத்துக் கற்க அனுப்பலாம். தொழில் பழகும் கதவைச் சாத்திய அதே தாளில் பள்ளிக் கதவைத் திறந்துவைத்தார்கள். 'மகளையோ' என்ற சொல் அங்கே தெளிவாக இருக்கிறது. அந்த மகள் போய் உட்கார இலக்கணப் பள்ளி எதிலும் இடமில்லை. மகனுக்கு இடம் இருந்தது. அவன் அறுவடைக் காலத்தில் வயலில் இல்லாவிட்டால் அந்த வேலையை யார் செய்வது என்பதை அப்பாவும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.